அமெரிக்காவின் ராகு காலம்

புத்திசாலித்தனத்தைக் காட்டிக்கொள்ளத் துடிப்பவர்களிடம் கடிகாரத்தைக் கொடுக்கக் கூடாது. என்னிடம் இரண்டு கொடுத்தார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. அமெரிக்க டாக்டர்கள் வாயால் சொல்லும் அறிக்கைகளை இங்கே உட்கார்ந்து டைப் அடித்துத் தருகிற தொழில் கோயமுத்தூருக்குப் புதுசு. துடியலூரில் பஞ்சு குடோன் வைத்திருந்த எங்கள் முதலாளி, மூட்டைகளை வெளியேற்றிவிட்டு ஏழெட்டுக் கம்ப்யூட்டர்களையும் அதே அளவு பெண்களையும் உள்ளே வைத்தார். அங்கே மணி என்ன, இங்கே யார் எப்போது வர வேண்டும் என்று நேரம் போட்டுத் தருவது என் வேலை. சுவரில் ஒரு கடிகாரம் நம் நேரம் காட்டியது, இன்னொன்று அமெரிக்க நேரம்.

வீட்டில் அப்பா கெடு வைத்திருந்தார். "இந்த வேலை நெலச்சா ரெண்டு வருசம் உன்ற இஷ்டம் அம்மணி. இல்லீன்னா காரமடை மாப்பிள்ளைதான்." எனக்குக் கல்யாணம் வேண்டாம், வேலைதான் வேண்டும். ஆகவே என் தலையெழுத்து முதல் டாக்டரின் கையில் இருந்தது.

திங்கட்கிழமை அவர் ஊர்க் காலை எட்டு மணிக்கு, ஆபரேஷனுக்குப் போகுமுன் அவரே போன் செய்வார். பேசிப் பிடித்துவிட்டால் வேலை எங்களுக்கு. இங்கே அது சாயங்காலம்.

"ஏனுங்க அம்மணி, நேரம் நல்லா இருக்குதுங்களா?" என்றார் முதலாளி.

இருக்குதுங்க என்று சொல்லிவிட்டு வாயை மூடியிருக்கலாம். மூடினால் அது நானா?

"நமக்கு நல்ல நேரந்தானுங்கய்யா. ஆனா அங்க திங்கக்கெழம காலையில எட்டு மணி. ராகு காலமுங்க."

(நான் பி.எஸ்சி. இயற்பியல். வகுப்பில் முதல் மாணவி வேறு.)

முதலாளியின் முகம் செத்துப்போயிற்று. "வேலை குடுக்கறவரு அவருங்க. அவரு ஊட்டு நேரந்தானுங்க கணக்கு. ஒம்பது தாண்டட்டும், அப்பறம் பேசிக்கலாம். ஆனா இதப் போயி அவருகிட்ட எப்படிங்க சொல்றது?"

அதற்கும் நான்தான் வழி சொன்னேன். "போனை எடுக்காம உட்ரலாமுங்க. லைன் கெடைக்கலீன்னு நெனச்சு மறுக்கா மறுக்காப் போடுவாருங்க." நாங்கள் அப்படித்தான் செய்வோம். லைன் கிடைக்கும்வரை விரல் தேயச் சுழற்றுவோம். உலகமே அப்படித்தான் என்று நம்பினேன்.

சொன்ன நேரத்துக்குப் போன் அடித்தது. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்தோம். பழக்க தோஷத்தில் ஒருத்தி கையை நீட்ட, நான் பட்டென்று தட்டிவிட்டேன். மூன்று முறை அடித்து ஓய்ந்தது.

ராகு காலம் கழிந்ததும் முதலாளி சூடம் காட்டினார், நான் அமெரிக்காவுக்குப் போன் போட்டேன். டாக்டரின் உதவியாளர் அம்மா தேனாகப் பேசினார். டாக்டர் ஆபரேஷனில் இருக்கிறாராம், வேலையை வேறு ஊர்க்காரர்களுக்குக் கொடுத்துவிட்டாராம். "உங்களுக்கு நேர வித்தியாசம் புரியவில்லை போலிருக்கிறது, பரவாயில்லை" என்றார். ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த வித்தியாசத்தை என்னைவிட ஆழமாகப் புரிந்துகொண்டவர் பூமியிலேயே கிடையாது.

குடோனுக்குப் பஞ்சு மூட்டைகள் திரும்பி வந்தன. அப்பா சொன்ன சொல் தவறாதவர். அடுத்த முகூர்த்தத்திலேயே காரமடைக்காரருக்குக் கழுத்தை நீட்டினேன்.

இன்றைக்கும் விருந்தாளிகள் வந்தால் என் வீட்டுக்காரர் இந்தக் கதையை எடுத்துவிடுவார். போன் அடிப்பதையும் நாங்கள் கைகட்டி நின்றதையும் நடித்தே காட்டுவார். கடைசியில், "அந்த ராகு காலம் மட்டும் இல்லீன்னா இந்த அம்மணி எனக்குக் கெடச்சிருக்குமாங்க?" என்பார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர் இத்தனை வருடமாக அந்தக் கடைசி வரியைப் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.