எண் பார்க்காமல் ஒட்டிய படம்

வேறு வேலை கிடைக்கிறவரை பெண்டாட்டியிடம் மூச்சு விடுவதில்லை. திருகாணித் தொழிற்சாலையில் பதினோரு வருஷம் அளவு சரிபார்த்த மனுஷன், அதை இழுத்து மூடிய அன்றைக்கு எடுத்த முடிவு இது. மூன்று வாரமாகக் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்புவார். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து தனக்குப் பாதி, தெருநாய்க்குப் பாதி என்று டப்பாவைக் காலி செய்வார். ஆறு மணிக்குக் களைத்துப்போய் வீடு திரும்புவார். அந்தக் களைப்பு மட்டும் நிஜம். சும்மா உட்கார்ந்திருப்பதுபோல முதுகை ஒடிக்கிற வேலை வேறெதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பெண்டாட்டி குளிக்கப் போயிருந்தாள். ஆறு வயது மகளின் ஸ்டிக்கர் புதிர்ப் புத்தகத்தைப் பொழுதுபோகாமல் புரட்டினார். பிள்ளைக்குக் கற்பனை வளரும் என்று டீச்சர் வாங்கச் சொன்னது. எண் பார்த்துத் துண்டு துண்டாக ஒட்டினால் படம் முழுசாகும். யானையும் கப்பலும் ஒழுங்காகத்தான் வந்திருந்தன. 'அப்பா வேலை செய்யும் இடம்' என்ற பக்கத்தில் மேஜையும் கம்ப்யூட்டரும் வந்திருக்க வேண்டும். மகளோ மற்ற பக்கத்துத் துண்டுகளையெல்லாம் பொறுக்கி, தன் இஷ்டத்துக்கு ஒட்டியிருந்தாள். ஒரு மரம். ஒரு பெஞ்சு. பெஞ்சில் ஒரு வழுக்கைத் தலை. பக்கத்தில் ஒரு நாய்.

பெண்டாட்டி வருவதற்குள் இதை எடுத்துவிட வேண்டும். மகள் எப்போது பார்த்தாள் என்று யோசிக்கக்கூட நேரமில்லை. கெட்டிலில் வெந்நீர் வைத்து, ஆவி காட்டி உரிக்க ஆரம்பித்தார். மயிரிழை பிசகாமல் அளந்த கைக்கு இது பிடிபடவில்லை. மரம் வந்தது. பெஞ்சு பாதி கிழிந்தது. வழுக்கைத் தலை அசையவே மாட்டேன் என்றது.

"நாயை உரிக்காதீங்க. அதாச்சும் உங்களுக்குத் துணையா இருந்துச்சு."

ஈரத்தலையோடு பெண்டாட்டி பின்னால் நின்றிருந்தாள்.

"இல்ல... பாப்பா எண் பாக்காம தப்பா ஒட்டிட்டா."

"நான்தான் எண் பாக்காதேன்னேன். அப்பா எங்க இருக்காரோ அதை ஒட்டுன்னேன்."

பத்து நாளைக்கு முன்பு பள்ளிக்கூடத்திலிருந்து மகளைக் கூட்டிவரும்போதே இருவரும் பார்த்துவிட்டார்களாம். அப்பா என்று கூவப்போன பிள்ளையின் வாயைப் பொத்தி இழுத்துவந்தாளாம். அன்றைக்கு ராத்திரிதான் இவர், மெஷின் சத்தத்தில் தலைவலி என்று தைலம் கேட்டிருக்கிறார்.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். இன்னைக்குச் சொல்லிடுவாரு, இன்னைக்குச் சொல்லிடுவாருன்னுதான் தினமும் டப்பா கட்டினேன்."

அதைக் கேட்டதும் அவருக்குத் தாங்கவில்லை. சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதார். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் நிற்கவில்லை. அவளும் தடுக்காமல் கெட்டிலை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அப்புறம் விஷயத்துக்கு வந்தாள். அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் அழுக்குத் துணி பிரிக்க ஆள் வேண்டுமாம். ரத்தமும் இருக்கும், அதைவிட மோசமானதும் இருக்கும். சொல்லிவைத்துவிட்டாள், நாளைக்கு ஏழு மணிக்கு வரவேண்டும். கௌரவம் பார்க்கிற நிலைமையிலா இருந்தார்? தலையாட்டினார். மூன்று வாரமாக அடைத்திருந்த மூச்சு இறங்கியதுபோல் இருந்தது. பதினோரு வருஷம் மேலதிகாரியிடம் வாங்கிக்கட்டிக்கொண்ட பழக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்கத் தோன்றியது.

"அங்க சூப்பர்வைசர் எப்படி? ரொம்பக் கறாரா?"

"போன வாரத்துலேர்ந்து நான்தான்."