அட்டென்சன் வாத்தியாரின் நாலாவது பீரியட்

அந்தக் காலத்து ராயபுரத்தில் வளையாமல் நின்றவை இரண்டே இரண்டு. ஒன்று துறைமுகத்துக் கிரேன். இன்னொன்று எங்கள் டிரில் வாத்தியார். கிரேனாவது மூட்டையை இறக்கும்போது கொஞ்சம் தலை குனியும். எங்கள் ஆள் அதற்கும் ஒப்பமாட்டார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கத்தான் வேண்டும். எங்களுக்கு அவர் அட்டென்சன். கஞ்சி போட்ட காக்கி அரை டிராயர் முதலில் வகுப்புக்குள் வரும், பிறகு அவர் வருவார். அந்த டிராயரைக் கழற்றித் தரையில் வைத்தால் தானாகவே நிற்கும் என்பது பள்ளிக்கூடம் முழுக்க ஒப்புக்கொண்ட உண்மை. பர்மா பக்கம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே எத்தனை எதிரிகளைச் சுட்டார் என்பதில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. என் பெஞ்சுக்காரன் காசிம் கணக்குப்படி ஒரு கப்பல் நிறைய. அவரையே கேட்டால், "மொதல்ல நேரா நில்லுடா, கத அப்பால கேக்கலாம்" என்பார்.

சண்டை முடிந்து, ரேஷன் மட்டும் முடியாத காலம் அது. ஒருநாள் மண்ணெண்ணெய்க் கடை வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றார். நின்றவர் சும்மா நின்றாரா? வரிசை கோணலாக இருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. "முன்னாடி நிக்கற ஆளு பொடனிய பாத்து நில்லு" என்று ஒரு குரல் விட்டார். மீன்கூடை ஆயாக்கள் உட்பட அத்தனை பேரும் நூல் பிடித்ததுபோல் நின்றுவிட்டார்கள். யாரோ பெரிய அதிகாரி வந்துவிட்டதாக நினைத்துக் கடைக்காரர் அன்றைக்கு ஒருநாள் அளவைக் குறைக்காமல் ஊற்றினார். அதற்குப் பிறகு ரேஷன் கடைக்குப் போகும் ஆயாக்கள் அட்டென்சன் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத்தான் போவார்கள்.

எங்கள் ஹைஸ்கூலும் அரண்மனை ஒன்றும் இல்லை. அதற்கு முன் அது புண்ணாக்குக் கிடங்கு. கப்பலுக்குப் போக வேண்டிய மூட்டைகள் கிடந்த இடத்தில் ஜன்னல் வெட்டி, பெஞ்சு போட்டு, பலகை மாட்டிவிட்டார்கள். நல்ல மழை பெய்தால் சுவரிலிருந்து புண்ணாக்கு வாசனை கிளம்பும், தெருவில் போகும் மாடுகள் கேட்டருகே நின்று யோசிக்கும். மற்றப் பள்ளிப் பையன்கள் எங்களை மாட்டுத்தொட்டி என்று கூப்பிட்டார்கள். ஃபுட்பால் மேட்சில் வெறுங்காலோடு அவர்களுக்குப் பதில் சொன்னோம்.

அந்தக் கிடங்குக்கென்று எழுதாத வழக்கம் ஒன்று இருந்தது. எங்களில் பாதிப் பேருக்கு அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். விடியும் முன்னே கிளம்பிப் போகிறவர்களுக்குச் சோறு கட்டிக் கொடுக்க முடியாது. பன்னிரண்டு மணிச் சங்கு ஊதும்போது துறைமுக கேட்டில் சூடாகத் தூக்குச்சட்டி இருக்க வேண்டும். அம்மாக்கள் எடுத்துப் போகலாமே என்பீர்கள். இடுப்பில் ஒன்று, தொட்டிலில் ஒன்று. குழாயில் தண்ணீர் வருவதும் அந்த நேரம்தான். ஆகவே நாலாவது பீரியட் மணி அடித்ததும் சோத்துப் பையன்கள் எழுந்து போய்விடுவோம். நாலாவது பீரியட் கணக்கு. கணக்கு வாத்தியாருக்கு முகம் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது.

பழைய ஹெட்மாஸ்டர் கண்டும் காணாமல் இருந்தார். நான் நாலாவது பாரம், அதாவது இப்போதைய ஒன்பதாம் வகுப்பு, படிக்கும்போது புது ஹெட்மாஸ்டர் வந்தார். ஒழுங்கு, கட்டுப்பாடு என்ற இரண்டு சொல்லை வைத்தே நாள் முழுக்கப் பேசக்கூடியவர். வந்த வாரமே கேட்டுக்குப் பூட்டுப் போட்டார். காலையில் பூட்டினால் சாயங்காலம்தான் திறப்பு.

அன்றைக்கு என் நைனா டீயும் பன்னும் தின்றுவிட்டு மூட்டை தூக்கினார். மறுநாளும் அதேதான். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கழற்றக்கூட முடியாமல் படுத்துவிட்டார். அம்மா என்னைப் பார்த்தாள்.

"மூட்ட தூக்கற ஆளு பன்னு துன்னுட்டு எத்தினி நாளு தூக்குவாரு? நீ படிச்சது போதும். இந்த வாரத்தோட நின்னுக்கோ."

காசிம் அதற்குள் நின்றே விட்டிருந்தான். அவன் உட்கார்ந்த இடத்தில் நான் என் பையை வைத்தேன். படிப்பு மேல் எனக்குப் பெரிய காதல் ஒன்றும் கிடையாது. ஆனாலும், போ என்று ஒருவர் பூட்டைக் காட்டிச் சொன்னால் போகக்கூடாது என்ற வீம்பு வருமே, அது வந்துவிட்டது.

அந்த வாரம் டிரில்லில் அட்டென்சன் வரிசையை எண்ணினார். வழக்கத்தைவிட ஆள் கம்மி. "காசிம் இன்னாடா ஆனான்?" என்று கேட்டார். சொன்னோம். அவர் அப்படியே திரும்பி, நேராக ஹெட்மாஸ்டர் அறைக்கு மார்ச் செய்தார். வெளியே நின்ற எங்களுக்கு எல்லாமே கேட்டது.

"சார், டிரில்லு கடைசி பீரியடுல கீது. பசங்க தூங்கி வழியறானுங்கோ. நாலாவது பீரியடுக்கு மாத்திக் குடுங்க. கணக்கு கடைசிக்குப் போகட்டும். ரூட் மார்ச் கத்துக் குடுக்கணும், வெளிய இட்டுகினு போவேன். பட்டாளத்துல இது இல்லாம ஒழுங்கே வராது."

ஒழுங்கு என்ற சொல் காதில் விழுந்ததும் ஹெட்மாஸ்டர் உருகிவிட்டார். டைம்டேபிளை மாற்றிக் கையெழுத்தே போட்டுவிட்டார்.

மறுநாள் நாலாவது பீரியட். காசிமை வீட்டிலிருந்து இழுத்து வரச்செய்து, எங்களை நாலு நாலு பேராக நிறுத்தி, "குயிக் மார்ச்" என்றார். பூட்டு திறந்தது. நாங்கள் எங்கள் தெருக்களுக்குள்ளேயே போனோம். காசிம் வீட்டு வாசலில் "மார்க் டைம்" என்றார். அத்தனை பேரும் நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைத்தோம். புழுதி கிளம்பியது.

குழாயடியில் இருந்த அம்மாக்கள் பார்த்தார்கள். அவரை அடையாளம் தெரிந்த ஆயாக்கள் அந்த நேரம் மீன் விற்கப் போயிருந்தார்கள். சண்டை முடிந்துபோன சேதி எங்கள் தெருவுக்குச் சரியாக எட்டாத காலம் அது. எட்டியிருந்தாலும் யாரும் நம்பவில்லை. காக்கி டிராயர் ஒருவர் பிள்ளைகளை வரிசையாக ஓட்டிப் போனால் அவர்களுக்கு ஒரே அர்த்தம்தான்.

"ஐயையோ, பட்டாளத்துக்குப் புட்ச்சிகினு போறான்" என்று காசிமின் அம்மா குடத்தைப் போட்டாள். என் அம்மா துடைப்பத்தோடு வந்தாள். "எம்புள்ளைக்கு மீசயே மொளைக்கல, அவன எங்கய்யா இட்டுகினு போற?"

முதல் அடி அவர் தோளில் விழுந்தது, இரண்டாவது முதுகில். அட்டென்சன் அசையவில்லை. எங்களுக்குக் கால் நின்றுவிட்டது. "மார்க் டைம்னு சொன்னேன், எவன்டா நிறுத்துனது?" என்று எங்களை அதட்டிவிட்டு அம்மா பக்கம் திரும்பினார்.

"அடிச்சி முடிச்சிட்டு சோத்த எட்துகினு வாம்மா. சங்கு ஊதிடும். அப்பாலயும் அடி, நான் எங்கயும் போவ மாட்டேன்."

அம்மா துடைப்பத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், உள்ளே ஓடினாள். அன்றைக்குச் சங்கு ஊதும்போது துறைமுக கேட்டில் தூக்குச்சட்டிகள் இராணுவ வரிசையில் நின்றன. மறுநாளிலிருந்து அம்மாக்களே வாசலில் தூக்கோடு விறைப்பாக நிற்க ஆரம்பித்தார்கள். அடுத்த வாரம் என் தூக்கின் மேல் இன்னொரு தட்டு ஏறிக் கனத்தது. "மேல் தட்டு அட்டென்சனுக்கு" என்றாள் அம்மா. அவர் அதை வாங்கி, எங்களிடமிருந்து தள்ளிப்போய், நின்றபடியே சாப்பிடுவார். கடைசி பீரியடில் எனக்குக் கணக்கு வாத்தியார் முகமும் தெரிந்தது. பார்க்காமலே இருந்திருக்கலாம், அது வேறு விஷயம்.

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. நாலாவது பீரியடில் பாதிப் பள்ளிக்கூடம் எங்கே என்று இன்ஸ்பெக்டர் கேட்க, ரூட் மார்ச் என்று ஹெட்மாஸ்டர் பெருமையாகச் சொல்லி, காட்டுகிறேன் வாருங்கள் என்று அவரைக் காரிலேயே கூட்டி வந்துவிட்டார். அவர்கள் கண்ட காட்சி: துறைமுக கேட்டின் நிழலில் அப்பாக்களும் பிள்ளைகளும் கருவாட்டுக் குழம்பில் முழங்கை வரை இறங்கியிருக்கிறோம். கொஞ்சம் தள்ளி, நின்றபடி அட்டென்சன், ஒரு கையில் தட்டு, மறு கையில் சல்யூட்.

"இதுதான் உமது டிரில்லா?" என்றார் ஹெட்மாஸ்டர். "பட்டாளத்தில் இப்படித்தான் கற்றுக்கொடுத்தார்களா?"

"ஆமா சார். நான் துப்பாக்கியே தொட்டதில்ல. சோத்து வண்டி கூடத்தான் போனேன். முன்னாடி நிக்கறவனுக்கு சோறு போய்ச் சேரணும், அதான் எனக்குக் கத்துக்குடுத்த டிரில்லு."

காசிம் கையிலிருந்த சோறு தட்டிலேயே விழுந்தது. ஒரு கப்பல் நிறைய எதிரிகள் ஒரே வாக்கியத்தில் பிழைத்துவிட்டார்கள். எங்கள் எல்லோர் முன்னாலும் அந்த மனுஷர் அதைத் தானே சொன்னார். குரல் கொஞ்சமும் இறங்கவில்லை.

"ஸ்கூல் கேட்ட மூடணும்னா மூடுங்க சார். நாளைக்கு இவனுங்க வரமாட்டானுங்கோ. நீங்க காலி பெஞ்சுக்குப் பாடம் எடுங்க, நான் காலி கிரவுண்டுக்கு டிரில் எடுக்கறேன்."

என் நைனா கையைக் கழுவிக்கொண்டு எழுந்து அட்டென்சன் பக்கத்தில் போய் நின்றார். காசிமின் வாப்பா நின்றார். தோளில் மூட்டைக் கொக்கியோடு ஒவ்வொருவராக எல்லோரும் நின்றார்கள். கோணல்மாணலான வரிசை. அட்டென்சன் யாரையும் திருத்தவில்லை.

இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் கொக்கிகளைப் பார்த்தார். பிறகு ஹெட்மாஸ்டரிடம், "டைம்டேபிளில் கையெழுத்து உம்முடையதுதானே? கணக்கு வகுப்பும் நடக்கிறதுதானே? அப்படியே இருக்கட்டும்" என்றார்.

மார்ச் நிலைத்தது. அட்டென்சன் நிலைக்கவில்லை. மேலதிகாரியிடம் மரியாதையில்லாமல் பேசினார் என்று ஊருக்கு அந்தக் கோடியில் இருந்த பள்ளிக்கு மாற்றினார்கள். ஒரு மன்னிப்புக் கேட்டால் இங்கேயே இருக்கலாம் என்று ஹெட்மாஸ்டர் கூப்பிட்டுச் சொன்னாராம். "டிரில்லுல அந்த கமாண்டு இல்ல சார்" என்று பதில் வந்ததாம். அடுத்து வந்த டிரில் வாத்தியார், டைம்டேபிளில் இருக்கிறதே என்று எங்களை நடத்திக்கொண்டு போனார். காசிமும் நானும் எஸ்.எஸ்.எல்.சி. வரை நடந்தோம். வாப்பா மூட்டை தூக்கிய அதே துறைமுகத்தில் காசிம் பிற்பாடு மேசை போட்டு உட்கார்ந்தான்.

மாற்றலாகிப் போவதற்கு முந்தின கடைசி நாள் அட்டென்சன் எங்களோடு துறைமுக கேட்டுக்கு வந்தார். அம்மா அனுப்பிய மேல் தட்டை நீட்டினேன். வழக்கம்போலத் தள்ளிப்போய் நிற்பார் என்று நினைத்தேன். கஞ்சி போட்ட டிராயர் மடமடவென்று மடங்க, என் நைனாவுக்கும் காசிமின் வாப்பாவுக்கும் நடுவில் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதுகு வளைந்து, தட்டின் மேல் குனிந்து, எங்களைப் போலவே வழித்துச் சாப்பிட்டார். எவன் அதட்டியும் வளையாத மனுஷர், எங்களோடு ஒருவாய் சோறு தின்னத்தான் வளைந்தார்.