அண்ணனுக்கு அடித்த சாவு மேளம்

உயிரோடு இருந்த என் அண்ணனை நான் ஒருமுறை கொன்றிருக்கிறேன். வாயால்தான். முப்பது வருடம் அரசாங்க கிளார்க்காக இருந்தவன். முகம் மாறாமல் பொய் சொல்லத் தெரியும்.

அண்ணன் ஜெகன் ஹெவி மெட்டல் பாடகர். வயது அறுபத்தெட்டு. தோள்வரை நரைமுடி, கறுப்பு கோட், அடித்தொண்டை உறுமல். (எங்கள் ஊர் மஹய்யாவயில் நாய்கள்கூட எங்கள் வாசலைத் தாண்டும்போது ஓரமாகப் போகும்.) கொழும்பிலிருந்து ஒரு பெண் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்தாள். அவரைத் தேடி ஒருவர் வந்தது அதுவே முதல் தடவை.

"என் பாட்டெல்லாம் மடுல்கெல்ல தேயிலைத் தோட்ட லயத்தில, சின்ன வயசுல கேட்ட சாவு மேளம்தான். அது இல்லாம படம் இல்ல," என்றார் அண்ணன்.

போனோம். வேனை மேல் வளைவில் நிறுத்திவிட்டு நான் மட்டும் லயத்து வரிசை வீடுகளுக்கு இறங்கினேன். தப்பு மேளம் அடிப்பவர்களில் மூத்தவர் முனியாண்டி கையை விரித்தார்.

"சாவு இல்லாம அந்த அடி அடிக்க மாட்டோம்ங்கய்யா. கல்யாண அடி வேணும்னா சொல்லுங்க."

திரும்பி வந்து சொன்னேன். அண்ணன் கிட்டாரை உறைக்குள் வைத்தார். அதைப் பார்க்க முடியவில்லை. அந்தப் பெண்ணோடு வந்த கேமராக்காரரைக் கூட்டிக்கொண்டு மறுபடி இறங்கினேன்.

"ஒண்ண மறைச்சிட்டேன். எங்கண்ணன் காலைல போயிட்டாரு. ஒரு தடவை அடிங்க, வீடியோ எடுத்து வெளிநாட்டுல இருக்க அவரு மகனுக்கு அனுப்பணும்."

"யாரு, ஜெகனா?" முனியாண்டி தலைத்துண்டை அவிழ்த்தார். வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சினார்கள்.

முதல் அடி விழுந்ததும் மலையில் கொழுந்து பறித்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள். அண்ணனைத் தெரிந்த இரண்டு பேர் ஒப்பாரி தொடங்கினார்கள். பனிமூட்டம் இறங்கியது. என் கண்ணிலும் நீர் வழிந்தது. (நடிப்பில்லை. அதுதான் பயமாக இருந்தது.)

அப்போது மேல் படிக்கட்டில், பனிக்குள்ளிருந்து, அண்ணன் இறங்கி வந்தார். ஐம்பது வருடமாகத் தேடிய தாளம் காதில் விழுந்தால் வேனில் இருப்பாரா? கறுப்பு கோட், வெள்ளை முடி, அடிக்கு அடி உறுமல்.

ஒப்பாரி பாதியில் நின்றது. ஒரு பெண் கைகூப்பினாள்.

"ஜெகன் அண்ணே, ஒங்களுக்கு ஒரு கொறையும் வைக்க மாட்டோம். போயிருங்க."

மற்றவர்கள் நிறுத்திவிட்டார்கள். முனியாண்டி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கடைசி அடிவரை அடித்து முடித்தார்.

"டேய், யாருடா செத்தது?" என்றார் அண்ணன். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். "நானா?"

"அடிச்சது அடிச்சதுதான்," என்றார் முனியாண்டி. "அது ஒரு ஆள் மேல போய் நிக்கணும்."

அண்ணன் சிரித்தார். நான்காம் நாள் காய்ச்சலில் விழுந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உறுமல் தேய்ந்து முனகலானது.

நான் படித்தவன், இதையெல்லாம் நம்புவதில்லை. ஆனாலும் வெற்றிலையும் புது வேட்டியும் வாங்கிக்கொண்டு மடுல்கெல்லவுக்குப் போனேன். லயத்து ஆட்கள் முன்னால் பொய்யை ஒப்புக்கொண்டேன்.

"அந்த அடிய என் பேருக்கு மாத்திருங்க."

முனியாண்டி வெற்றிலையை எடுத்துக்கொண்டார். "மாத்தலாம். ஆனா ஒங்க சாவுக்கு நாங்க வர மாட்டோம். ஒரு ஆளுக்கு ஒரு தடவதான்."

சம்மதித்தேன். திரும்பி வந்தபோது அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து கொத்து ரொட்டி கேட்டுக்கொண்டிருந்தார். (மருந்து வேலை செய்தது என்றார் டாக்டர். நானும் கேட்பவர்களிடம் அப்படித்தான் சொல்கிறேன்.)

இப்போது சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் உறுமுவார்: "மேளம் முடிஞ்ச ஆளுக்கு மொதல்ல போடுங்க. எப்ப கெளம்புவான்னு தெரியாது." வீடே சிரிக்கும்.

படமும் வந்துவிட்டது. அந்தக் காட்சியில் அண்ணன் வருவதற்கு முன்பு ஒரு நிமிடம், ஒப்பாரிக்கு நடுவில் நிற்பது நான் மட்டும்தான். அந்த இடம் வரும்போது யாரையும் பேச விடமாட்டேன். எனக்கென்று இருப்பது அந்த மேளம் ஒன்றுதான். கடைசி அடிவரை கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.