டிவிடெண்ட் மாமி வாங்கிய கம்பெனி

கம்பெனி டைரக்டர்கள் கடவுளுக்கு அடுத்தபடி பயந்தது எங்கள் டிவிடெண்ட் மாமிக்குத்தான். சிலர் கடவுளை இரண்டாவது இடத்தில்தான் வைத்திருந்தார்கள்.

ஐம்பதுகளின் பிற்பகுதி. மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு வியாபாரியிடம் நான் குமாஸ்தா. மாமி பக்கத்துப் போர்ஷன். காலமான கணவர் அவளுக்கு வைத்துவிட்டுப் போனது கொஞ்சம் பங்குப் பத்திரங்கள் மட்டும்; அவற்றின் டிவிடெண்டில்தான் ஜீவனம். மற்ற மாமிகள் பஞ்சாங்கம் பார்ப்பதுபோல் இவள் பாலன்ஸ் ஷீட் பார்ப்பாள். இங்கிலீஷில் கடினமான இடம் வந்தால் நடுச்சுவரைத் தட்டுவாள். நான் ஓட வேண்டும்.

ஒருநாள் சுவரே இடிந்துவிடும்போலத் தட்டினாள்.

"அம்பி, இந்தத் தேயிலைக் கம்பெனியைப் பாரேன். தோட்டத்தை வித்தாச்சு. இப்போ கம்பெனி வெறும் கூடு. ஆனா வித்த பணம் அப்படியே பாங்கிலே கிடக்கு!"

"சொத்துக் கணக்கிலே குட்வில், அதான் நற்பெயர்னு பெரிய தொகை போட்டிருக்காளே மாமி?"

"அதை அடிச்சுடு. நற்பெயரை உலையிலே போட்டா வேகுமோ? கையாலே தொடற சொத்தை மட்டும் எடு. கடனைக் கழி. மொத்தப் பங்கு எத்தனையோ அதாலே வகு."

வகுத்தேன். பங்குக்குப் பதினாலு ரூபாய் வந்தது. சந்தையிலோ ஒன்பதுக்கு விற்றது.

"கம்பெனியை மூடிப் பணத்தைப் பிரிச்சாப் போறும், மனசிலாச்சா?"

கைக்கு இனி வேண்டாத வளையல்களை விற்று மாமி பங்கு வாங்கினாள். வருகிற பணத்தில் இரண்டு அறையாவது சொந்தமாக வேண்டும் என்பது ஆசை.

எர்ணாகுளத்தில் ஆண்டுக் கூட்டம். படகில் போனோம். வந்திருந்தவர்களில் பாதிப்பேர் வடைக்காக வந்தவர்கள். மாமி எழுந்து, "சேர்மன் சார், தோட்டமே இல்லே. தோட்டம் சுத்திப் பார்க்கக் காருக்கு எதுக்குப் பெட்ரோல்?" என்றாள். பல வாய்களில் வடை பாதியில் நின்றது. சேர்மன் மேனோன் தண்ணீர் கேட்டார். அடுத்த வருஷம் கார் இல்லை.

அதற்கடுத்த வருஷம் கம்பெனியை மூடும் தீர்மானத்தோடு போனாள். பங்குதாரர் வீடுகளுக்கெல்லாம் ஏறி இறங்கிச் சம்மதம் வாங்கியிருந்தாள். ஜெயிப்பது நிச்சயம்.

கூட்டத்துக்கு முன் மேனோன் அவளை வராந்தாவுக்கு அழைத்தார்.

"அம்மா, பார்யை மரிச்சுப் போயி. பிள்ளைகள் பம்பாயில். காலையிலே குளிச்சு இறங்கிப் போக எனிக்கு இந்த ஆபீஸ் மாத்திரம்தான். இன்னும் ஒரு வருஷம் கூடித் தரணும்."

மாமி தன் வெறுங்கையை ஒருதரம் பார்த்துக்கொண்டாள். தீர்மானத்தை அவள் கொண்டுவரவே இல்லை.

அந்த ஒரு வருஷம் போதுமாயிருந்தது. மற்ற டைரக்டர்கள் பாங்குப் பணத்தைத் தங்கள் உறவினரின் கயிற்று ஆலைக்குக் கடனாகத் தூக்கிக் கொடுத்தார்கள். மேனோன் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆலை மூழ்கியது, கம்பெனியையும் இழுத்துக்கொண்டு போயிற்று. பங்குக்கு ஐம்பது பைசா வந்தது.

"கணக்கு தப்பலைடா அம்பி," என்றாள் மாமி. "மூட வேண்டிய அன்னிக்கு மூடலை. நான் இளகிப் போயிட்டேன்."

வெகுநாள் சுவர் தட்டும் சத்தமே கேட்கவில்லை. கடைசிவரை அவள் அந்த வாடகைப் போர்ஷனில்தான் இருந்தாள்.

கம்பெனி மூழ்கியதற்கு மறுவருஷம், வழக்கமாக ஆண்டுக் கூட்டம் நடக்கும் நாள். மாமி குடையோடு படகுத்துறைக்குக் கிளம்பி நின்றாள்.

"கம்பெனிதான் இல்லையே மாமி, எங்கே கிளம்பறேள்?"

"மேனோன் இருக்காரோன்னோ? இன்னிக்கு வீட்டிலே தனியா உட்கார்ந்திண்டிருப்பார்."

நானும் சட்டையை மாட்டிக்கொண்டு கூடக் கிளம்பினேன்.