பீரோவில் இறங்கிய சம்மனசு

கவிஞனாகிவிடுவது என்று முடிவு செய்தேன். எங்கள் ஊர் பாலவனத்தத்தில் யாரும் தடை சொல்லவில்லை. வார்த்தைகள்தான் வர மறுத்தன.

தொண்ணூற்றி நாலாம் வருஷத்துக் கோடை அது. அருப்புக்கோட்டையில் கவியரங்கம் என்று எங்கள் மில்லில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பிரிட்ஜ் மெக்கானிக் சங்கரபாண்டியனிடம் போய், கழித்துப்போட்ட கதவு ரப்பருக்குள் இருக்கும் காந்தப் பட்டையை வாங்கி வந்தேன். அட்டையில் மழை, மேகம், கனவில், தூரம் என்று எழுதி வெட்டினேன். 'க்கு'வைக்கூடத் தனித்துண்டாக வெட்டினேன். முதுகில் காந்தத்தை ஒட்டிப் பச்சை பீரோவில் பதித்தேன். இனி கவிதை எழுத வேண்டாம், தள்ளினால் போதும்!

என் மனைவி இன்பராணி வந்து பார்த்தாள்.

"என்னங்க, அரிசி பருப்பு ஒண்ணையும் காணோம்?"

"அதெல்லாம் கவிதைல வராது இன்பம்."

"வீட்டுக்காச்சும் வருமா? தங்கச்சி கல்யாணத்துக்குச் சேலை கேட்டேனே?"

"பாப்போம்."

"போன மாசமும் இதத்தான சொன்னீக?"

"நான் பேச்சு மாற மாட்டேன்."

மத்தியானம். வெளியே கரிசல்காடு வெயிலில் மிதந்துகொண்டிருந்தது. கண் செருகச் செருக ஒரு வரி வைத்தேன்: 'நம்ம ஊருக்குக் கனவில் மழை வருகிறது.' என்னை நானே மெச்சிக்கொண்டு தூங்கிப்போனேன்.

விழித்தால், வரி மாறியிருந்தது: 'மழைக்குக் கனவில் நம்ம ஊரு வருகிறது.'

எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தேன். எல்லாம் என் துண்டுகள்தான். 'க்கு' மட்டும் ஊரை விட்டு மழையிடம் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கேயோ ஒரு மேகம் ஒருக்களித்துப் படுத்து எங்கள் ஊரைக் கனவு காண்கிறது! இது மனுஷ வேலை இல்லை. மாதா கோயில் பீடத்தில் சிறகோடு நிற்குமே, அந்தச் சம்மனசுதான் இறங்கி வந்திருக்கிறது.

"இன்பம், யாராச்சும் வந்தாகளா?"

"யாரு வாரா? நான் பீரோவத் தொடச்சுக்கிட்டு இருந்தேன்."

பாவம், பக்கத்தில் இருந்தும் அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் 'உனக்கு என்ன வேண்டும்' என்று வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் பதில் இருந்தது: 'மேகம் நிறத்தில் சேலை.'

'சேலை'யை நான் வெட்டவே இல்லை. அதனால் என்ன? பரலோகத்தில் கத்தரி இருக்காதா? சம்மனசுக்குள்ளும் ஒரு மனசு இருக்கிறதே!

அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறி, நெசவுக்கார ரங்கராஜ் வீட்டில் போய் நின்றேன்.

"எந்த மேகம் சார்? பெய்யிற மேகமா, ஏமாத்துற மேகமா?"

"பெய்யிறதே குடுங்க."

கருநீலத்தில் எடுத்துத் தந்தார். வீட்டுக்கு வந்து பீரோ முன்னால் நாற்காலியில் பயபக்தியோடு வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் நாற்காலி காலி. சேலைக்குள் இன்பராணி.

"ஐயையோ, அது சம்மனசுக்கு எடுத்தது!"

"சம்மனசுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

"நீ பாத்தியா?"

"இப்பத்தான், கண்ணாடில."

எனக்கு மெதுவாக விளங்கியது.

"அப்ப... அந்த மழை வரி?"

"நீங்க தூங்குனீக. மழையும் இப்பிடித்தான் எங்கயாச்சும் தூங்குதோன்னு தோணுச்சு. மாத்தி வச்சேன்."

கோபம் வரவில்லை. வரி அவ்வளவு நன்றாக இருந்தது.

"சரி, போகட்டும். கவியரங்கத்துல அத நான் வாசிச்சிர்றேன்."

"எம்பேரக் குடுத்தாச்சுங்க. நீங்க முன்வரிசைல உக்காந்து கை தட்டுங்க."

முதல் ஆளாகத் தட்டினேன்.