ஐஸ் அளக்கிற மாப்பிள்ளை

போர்கோ வெக்கியோ,
பலெர்மோ, இத்தாலி.
ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை.

பாசமிகு பெரியக்காவுக்கு,

தம்பி நகுலேஸ்வரன் எழுதிக்கொள்வது. அக்காவையும் அத்தானையும் நோய்நொடியில்லாமல் வைத்திருக்கும்படி நல்லூர்க் கந்தனிடம் கேட்டதோடு நிற்காமல், இங்கே சாந்தா றொசாலியா மாதாவின் காதிலும் போட்டு வைத்திருக்கிறேன். எங்கள் சுகத்தைக் கேட்டால், என் இரண்டு காலிலும் பெருவிரல் நகம் கறுத்துப்போனது தவிர வேறு குறையில்லை. போனில் கதைத்தால் மகள் கேசிகாவுக்குக் கேட்டுவிடும் என்பதால்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் பேசி வைத்த ரொறன்ரோச் சம்பந்தத்தைக் கைவிட வேண்டாம். பிள்ளை தானாக ஒருவரைப் பார்த்து வைத்திருக்கிறாள். மிதுசன் என்று பெயர், வடக்கே தோரினோவில் வளர்ந்த எங்கடை பெடியன்தான், சாதகத்திலும் பழுதில்லை. ஆனால் உத்தியோகத்தைக் கேளுங்கோ: ஐஸ் அளக்கிறாராம்! மலை உச்சியில் ஆறு மாதிரி உறைந்து கிடக்கிற ஐஸுக்குப் பனியாறு என்று பெயர். அது வருசா வருசம் உருகுதாம், இவர் வருசா வருசம் போய் எவ்வளவு உருகினது என்று அளந்து எழுதுவாராம். உருகி முடியப்போற சாமானை நம்பிப் பொம்பிளைப்பிள்ளையைக் குடுக்கலாமோ அக்கா? மாட்டன் என்றேன். "அப்பா, ஒரு நாள் அவரோடை மலை ஏறிப்போட்டு வந்து வேண்டாம் எண்டு சொல்லுங்கோ, நான் கேக்கிறன்," என்றாள். ஒரே நாளில் காரியம் முடியுமே என்று நானும் மனிசி சறோஜாவும் தோரினோவுக்குப் பிளேன் ஏறினோம்.

மலையடிவாரத்தில் மூன்று நாள் கூடார வாசம். சறோஜா கூடார வாசலில் செத்தல் மிளகாய் பொரிக்க, பக்கத்துக் கூடாரத்து ஜெர்மன்காரர் தும்மித் தும்மியே இடம் மாறிப்போனார். அடுத்த நாள் காலமை ஏற்றம். இங்கே லிபெர்த்தாத் தெருவில் நான் பராமரிக்கிற வயதுபோன சிஞ்ஞோரா, செத்துப்போன தன் மனிசனின் மலைச் சப்பாத்தை அன்போடு தந்துவிட்டிருந்தார். பலெர்மோவில் சாந்தா றொசாலியா கோயில் மலையை வெறுங்காலோடு ஏறுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு மலையோ என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளிக்கிட்டேன். அரை மணித்தியாலத்தில் வலது சப்பாத்தின் அடி கழன்று, வாயைப் பிளந்துகொண்டது. மிதுசன் முழந்தாளிட்டுக் கயிற்றால் கட்டிவிட்டார். "நோகுதே மாமா?" எடுத்த எடுப்பிலேயே மாமா! "அங்கிள் எண்டு சொல்லும் தம்பி," என்றேன். "ஓம் மாமா," என்றார்.

வழியில் ஒரு பாறையில் சிவப்பு மையில் 1966 என்று எழுதியிருந்தது. நான் பிறந்த வருசம். ஆரோ பாவி விழுந்து செத்த இடமாக்கும் என்று தொப்பியைக் கழற்றித் தேவாரமும் பாடினேன். பாடி முடியும்வரை மரியாதையாக நின்றுவிட்டு மிதுசன் சொல்கிறார், "மாமா, அந்த வருசம் ஐஸ் இஞ்சை வரைக்கும் இருந்தது." கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஐஸ் என்ற பேச்சே இல்லை! மேலே போகப்போக, ஐஸ் பின்வாங்கின ஒவ்வொரு வருசத்துக்கும் இப்படி ஒரு கல். எங்கள் கலியாண வருசக் கல்லுக்குப் போகவே மூச்சு வாங்கியது. கேசிகா பிறந்த வருசக் கல்லில் குந்திவிட்டேன். அதற்குப் பிறகுதான் செங்குத்து ஏற்றம். "பிள்ளை பிறந்தாப் பிறகு தேப்பனுக்கு ஏத்தந்தானே," என்று சறோஜா வேறு நக்கல்.

மத்தியானம் தாண்டி ஐஸைக் கண்டோம். வெள்ளை வெளேரென்று இருக்கும் என்று பார்த்தால், கல்லும் சேறும் மூடி, றோட்டுப் போட வெட்டிவிட்ட இடம் மாதிரிக் கிடந்தது. மிதுசன் அளந்தார். நம்பாமல் திரும்ப அளந்தார். ஒரு வருசத்தில் நாற்பது மீற்றர் போய்விட்டதாம். பிறகு கொப்பியில் எழுதிவிட்டு அதையே பார்த்தபடி இருந்தார். "தம்பி, இது முடிஞ்சுபோனால் என்ன செய்வீர்?" என்று நேரே கேட்டேன். "முடியுற நாள் வரைக்கும் வந்து பாப்பன் மாமா," என்றார். இதுவும் ஒரு பதிலோ? எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்தது உண்மை. உயரத்தில் மூச்சு முட்டியிருக்கும்.

ஆகவே இந்தச் சம்பந்தம் சரிவராது. ரொறன்ரோ ஆட்களிடம் கேசிகாவின் சாதகத்தை உடனே குடுங்கோ. இது தகப்பன் வாக்கு, மாறாது.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் நோவெல்லாம் என் முழங்காலுக்கு வந்ததோடு தீர்ந்துபோகட்டும்.

அன்புத் தம்பி,
நகுலேஸ்வரன்

பி.கு.: முத்திரை வாங்கப் போய்வர, மேசையில் கிடந்த கடிதத்தைக் கேசிகா முழுக்க வாசித்துவிட்டாள். சண்டை பிடிப்பாள் என்று பார்த்தேன். "அப்பா, நீங்களும் உந்த வேலைதானே செய்யிறியள்," என்றாள். யோசித்துப் பார்த்தேன். இந்த ஊரில் நான் பராமரித்த நாலு பேரும் என் கையால் சூப்புக் குடித்துத்தான் கண்ணை மூடினார்கள். இப்போதைய சிஞ்ஞோராவுக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. எனக்கு அழுகைதான் வந்தது அக்கா. ரொறன்ரோவுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கோ. கலியாணத்துக்கு நாள் பார்க்கும்போது ஆவணி மாதம் மட்டும் வேண்டாம். மருமகனுக்கு அந்த மாதம் ஐஸ் அளக்கிற வேலை.