சம்பந்தி அனுப்பிய புல்லும் என் கீரையும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மூத்த மகன் வீட்டில் நீங்களும் மற்றவர்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே உங்கள் இளைய மகனும் என் மகளும் சுகம். என் சுகத்தைப் பற்றிக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் கூப்பிட்டால், "சௌக்கியமா சம்பந்தி, பையன்கிட்ட குடுங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் போன் மாப்பிள்ளை காதுக்குப் போய்விடுகிறது.

விஷயம் நீங்கள் அனுப்பிய அலங்காரப் புல். இவர்கள் இந்த வீட்டுக்குக் குடி வந்தபோது ஆளாளுக்குக் குக்கரும் கடிகாரமும் கொடுத்தார்கள். நீங்கள் ஓவிய ஆசிரியராக இருந்தவர், ரசனை உள்ளவர், தொட்டி தொட்டியாகப் புல் கொடுத்தனுப்பினீர்கள். யாரோ மாட்டுக்கு அனுப்பியது வழி தவறி வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். மாப்பிள்ளை அதைக் கொண்டுபோய்ப் பின்பக்கத்தில் நான் கீரை போட்டிருந்த பாத்தியிலேயே, கீரையைப் பாதிக்கு ஒதுக்கிவிட்டு நட்டார். வெயில் விழுகிற பாதி புல்லுக்கு, மதில் நிழல் விழுகிற பாதி கீரைக்கு. உச்சி வெயிலில் கீரைக்குக் கொஞ்சம் நிழல் நல்லது என்பதால் பேசாமல் இருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

புல்லுக்கு என்ன செய்ய வேண்டும் என்று உங்களைக் கேட்டதற்கு, "ஒண்ணுமே செய்ய வேணாம் சம்பந்தி, அது பாட்டுக்கு வளரும்" என்றீர்கள். நான் ஆயுசு பூரா ஆலை கேண்டீனில் பரிமாறலை மேற்பார்வை பார்த்தவன். "போதும் போதும்" என்று கையால் தட்டை மறைக்கிறவனுக்குத்தான் இன்னொரு கரண்டி போட வேண்டும், மறுபேச்சில்லாமல் சாப்பிடுவான். அதுவும் ஒரே வரிசையில் ஒருத்தனுக்குப் போட்டு அடுத்தவனை விட்டுவிட்டால் அன்றைக்கு ஆலையே நின்றுவிடும். அந்தப் பழக்கத்தில் கீரைக்கு ஊற்றிய தண்ணீரைப் புல்லுக்கும் ஊற்றினேன், கீரைக்குப் போட்ட மக்கின எருவைப் புல்லுக்கும் போட்டேன். கீரை கிள்ளக் கிள்ளத் துளிர்த்தது. உங்கள் புல்லும் தளதளவென்று வளர்ந்து, இன்னும் வளர்ந்து, ஒரு நாள் காலையில் பார்த்தால் குடித்துவிட்டு வந்தவன் போல நாலாபக்கமும் விழுந்து கிடக்கிறது. அடி அழுகி ஒரே நாற்றம். மாப்பிள்ளை படம் எடுத்து அனுப்ப, "யாருடா இதுக்குச் சோறு போட்டுக் கொன்னது?" என்று நீங்கள் கேட்டது ஸ்பீக்கரில் வந்து, வீடே சிரித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். உள்ளே பற்றிக்கொண்டு வந்தது.

அப்புறம்தான் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அதற்குச் சத்தில்லாத மண்தான் பிடிக்குமாம், காய்ந்தால்தான் நிமிர்ந்து நிற்குமாம், வருஷத்துக்கு ஒரு தரம் மொட்டையடித்தால் போதுமாம். கீரை அப்படியா? அதற்கு ஈரம் காயக் கூடாது, எரு குறையக் கூடாது, அடிக்கடி கிள்ள ஒரு கை வேண்டும். கை படாவிட்டால் பூத்து முற்றிக் கசந்துவிடும். ஆள் பக்கத்தில் போனால் கெடுவது உங்களுடையது, போகாவிட்டால் கெடுவது என்னுடையது. இரண்டையும் ஒரே பாத்தியில் நட்டவரை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சரி, நம்மால் ஒரு சங்கடம் வேண்டாம் என்று அழுகியதை வெட்டிப் போட்டுவிட்டு, புல் பக்கம் தண்ணீர் போகாதபடி நடுவில் மண்ணால் ஒரு வரப்பு கட்டினேன். வரப்பு நன்றாகத்தான் தடுத்தது. தடுத்த தண்ணீர் போக்கிடம் இல்லாமல் பின்வாசல் படியில் வந்து நின்றது. வழுக்கி விழுந்தவன் நான். கால் எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு ஜன்னலோரக் கட்டிலில் கிடந்து, கீரை வாடுவதைப் படுத்தபடியே பார்த்தேன். "அந்தக் கீரைக்குக் கொஞ்சம் தண்ணி விடும்மா" என்றால் மகள் "இதோப்பா" என்பாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், வேலைக்குப் போய் அலுத்து வருகிறவள். மாத்திரையும் சாப்பாடும் வேளை தவறாமல் வந்தன. உட்கார்ந்து பேசத்தான் யாரும் வரவில்லை.

கட்டுப் பிரித்து நான் எழுந்து நடந்தபோது கீரை பூத்து விதை முற்றிவிட்டது. ஓர் இலையை வாயில் வைக்க முடியவில்லை. உங்கள் புல்லோ மிச்சமிருந்த வேரிலிருந்து கிளம்பி, வெள்ளை வெளேரென்று கதிர் விட்டு, விறைப்பாக நிற்கிறது. மகளும் மாப்பிள்ளையும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். "பாருங்கப்பா, யாருமே கண்டுக்கலை, எவ்ளோ அழகா இருக்கு!" என்றாள் மகள். எக்ஸ்ரே தவிர என்னை யாரும் ஒரு படம் எடுக்கவில்லை, சம்பந்தி. கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

நேற்று ஒரு ஆள் வந்து பின்பக்கத்தை டேப் வைத்து அளந்துவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை கீரைப் பாத்தியைத் தோண்டப் போகிறார்களாம். எதற்கு என்றால், "அப்புறம் சொல்றேன் மாமா" என்கிறார் மாப்பிள்ளை. அப்புறம் சொல்ல என்ன இருக்கிறது? அங்கேயும் உங்கள் புல்தான். இந்த வீட்டில் நான் போய்ப் பார்க்க வேண்டியது என்று இருந்தது அந்தக் கீரை ஒன்றுதான். அதையும் பிடுங்கிவிட்டால் காலையில் எழுந்து நான் எங்கே போவேன்? உங்கள் மகனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், உங்கள் பேச்சை அவர் தட்ட மாட்டார். அப்படியே ஆள் அனுப்பி உங்கள் புல்லையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு நம் இருவருக்கும் பேச்சுவார்த்தை முடிந்தது.

உங்கள் மூத்த மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் மனப்பூர்வமான ஆசிகள். உங்களுக்கு வணக்கம் மட்டும்.

இப்படிக்கு,
உங்கள் இளைய மகனின் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மாப்பிள்ளை வந்து விஷயத்தைச் சொன்னார். கீரை மட்டும் இல்லையாம், புல்லும் போகிறதாம். அங்கே தகரக் கூரை போட்டு ஓர் அறை கட்டப் போகிறார்களாம். உங்கள் மூத்த மகன், தன் வீட்டில் இடம் போதவில்லை என்று உங்களை இங்கே கொண்டுவந்து விடப் போகிறாராம். அறை நம் இரண்டு பேருக்கும். உங்களிடம் சொல்லியாகிவிட்டதா என்று கேட்டேன். "மெதுவா சொல்லிக்கலாம் மாமா, அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டார்" என்றார். ஆகவே மேலே எழுதியது அத்தனையையும் மறந்துவிடுங்கள், பேச்சுவார்த்தை முடிந்தது என்றதை முதலில் மறந்துவிடுங்கள். திரும்ப எழுதக் கை வலிக்கிறது என்பதால் இதையே அனுப்புகிறேன். வந்து இறங்கியதும் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்பார்கள். அன்றைக்கு ஒரு நாள்தான் கேட்பார்கள். மரியாதைக்காக எதையாவது சொல்லி மழுப்பிவிடாதீர்கள். வெந்நீர், ரெண்டு தலையணை, சாயங்காலம் பக்கத்தில் உட்கார ஒரு ஆள், எல்லாவற்றையும் வாய்விட்டுக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.